ஊர் பார்க்க வந்தவர்கள்

பெண் பார்க்க வருவார்கள். வீடு பார்க்கவும் வருவார்கள். ஊரைப் பார்க்க வருகிறோம் என்று ஒரு குடும்பம் சொல்லியனுப்பியதை அதற்கு முன் நான் கேட்டதில்லை.

என் மகளும் அந்தப் பையனும் புதுச்சேரியில் ஒரே ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்தார்கள். இருவருக்கும் பிடித்துப்போயிற்று. ஒளித்து வைக்காமல் இரண்டு வீட்டிலும் சொன்னார்கள். பையன் வீடு வானூரிலிருந்து உள்ளே தள்ளி ஒரு கிராமம். நெல், வேர்க்கடலை, கொஞ்சம் சவுக்கு. பையனுக்கு அம்மா இல்லை. அப்பாவின் அக்காதான் அந்த வீட்டை நடத்துகிறவர். அந்த அத்தை சொல்லாமல் அங்கே அடுப்புகூட எரியாது என்று என் மகள் சொல்வாள்.

ஒரு முறை வந்து பெண்ணைப் பார்த்துவிட்டுப் போனார்கள். பையனின் அப்பாவுக்குப் பிடித்துவிட்டது. அத்தை எங்கள் வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை. அவர்கள் ஊருக்குப் போன பிறகு சொன்னாராம்: "உப்புக் காட்டுல போயி யாராச்சும் பொண்ணெடுப்பாங்களா? ஒரு புயல் அடிச்சா மொத்தக் குடும்பமும் பாயச் சுருட்டிக்கினு நம்ம வாசல்ல வந்து நிக்கும்."

என் மகள் இதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். சொல்லி முடித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"அத்தை சரின்னு சொல்லாம அவரு ஒரு அடி எடுத்து வைக்க மாட்டாருப்பா. எனக்கும் அவங்களப் பகைச்சிக்கினு அந்த வீட்டுக்குள்ள போக இஷ்டமில்ல."

பிறகுதான் அந்தத் தகவல் வந்தது. மறுபடி வருகிறோம், இந்த முறை ஊரையும் சுத்துப்பக்கத்தையும் பார்க்க வேண்டும், பார்த்துவிட்டு ஒரு முடிவு சொல்கிறோம் என்று.

நான் நாலு பேர் முன்னால் பேசத் தெரியாதவன். பத்தாவது முடித்ததும் உப்பளத்துக்குப் போனேன். இப்போது ஒரு முதலாளியிடம் லாரிக்கு உப்பு ஏற்றுவதைப் பார்த்துக்கொள்கிறேன். லாரிக்காரர்களோடு பேசுவதற்கு அதிகப் பேச்சு தேவையில்லை. கல்யாண வீட்டிலும் பந்தி முடிந்து எல்லோரும் போன பிறகு கடைசி வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுகிற ஆள் நான். பேசுவதற்கென்று என் மனைவியின் தம்பி இருக்கிறான். அவனைத்தான் துணைக்குக் கூப்பிட்டேன். முந்தின நாள் மாலை என் மகள் தனியாக வந்து சொன்னாள்:

"அப்பா, நீ பேசலன்னாலும் பரவால்ல. மாமா ரொம்பப் பேசாம பாத்துக்கோ."

இன்னொரு விஷயத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். சம்பந்தம் பேசி முடிகிறவரை பையன் வீட்டார் பெண் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். அதாவது சாப்பிட மாட்டார்கள். சாப்பிட்டுவிட்டால் ஒத்துக்கொண்டதாக அர்த்தம். சில குடும்பங்கள் காபி, பஜ்ஜி வரைக்கும் விட்டுக்கொடுக்கும். இவர்கள் தண்ணீர்கூடத் தொடாத குடும்பம். முதல் முறை வந்தபோது என் மனைவி நீட்டிய செம்பை அத்தை கையால் லேசாகத் தொட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

பங்குனி மாத வெயில் காலையிலேயே ஏறிவிட்ட ஒரு நாளில் வந்தார்கள். பையனின் அப்பா பழைய காரைத் தானே ஓட்டிக்கொண்டு வந்தார். பின் சீட்டில் அத்தை. நல்ல பச்சைச் சேலை. கையில் குடை. பையன் வரவில்லை. இறங்கி வாசலில் நின்றபடியே, "வீட்டத்தான் போன தடவ பாத்துட்டமே. கெளம்பலாமா?" என்றார் அத்தை. என் மனைவி தட்டில் எடுத்து வைத்திருந்த வெற்றிலை அப்படியே இருந்தது. என் மகள் உள்ளே ஜன்னல் பக்கம் நின்றிருந்தாள். வெளியே வரவில்லை.

காரில் முன் சீட்டில் என்னை உட்கார வைத்துவிட்டார்கள். மைத்துனன் அத்தையோடு பின்னால் ஏறிக்கொண்டான். ஏறின உடனேயே ஆரம்பித்துவிட்டான்.

"மரக்காணம்னா என்னான்னு நெனச்சீங்க? ராஜா காலத்துத் துறைமுகம்மா இது. ரோமாபுரிலேந்து கப்பல் வந்து இங்க நின்னுது."

"இப்ப பஸ்ஸே நிக்க மாட்டேங்குதுன்னு சொல்றாங்க?" என்றார் அத்தை.

பையனின் அப்பா கண்ணாடியில் அக்காவைப் பார்த்து மெல்லச் சிரித்தார். நான் சிரிக்கவா வேண்டாமா என்று தெரியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

முதலில் பழைய சிவன் கோயில். சுவரெல்லாம் கல்வெட்டு. அதில் உப்பளத்தைப் பற்றியும் எழுதியிருக்கிறது என்பார்கள், எனக்குப் படிக்கத் தெரியாது. சின்ன வயதில் அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்தால் எழுத்து உறுத்தும், அவ்வளவுதான் என் அனுபவம். மைத்துனன் அந்தச் சுவரைத் தட்டிக் காட்டினான். "ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே இங்க உப்பு வெளைஞ்சிருக்குது. ஆயிரம் வருஷம்!"

அத்தை சாமி கும்பிட்டுத் திருநீறு பூசிக்கொண்டார். வெளியே வந்து செருப்பை மாட்டியபடி கேட்டார்: "ஆயிரம் வருஷமா உப்பு வெளைஞ்சா, குடிக்கிற தண்ணி என்னாத்துக்கு ஆவும்?"

மைத்துனன் என்னைப் பார்த்தான். "டேங்க் தண்ணி வருதுங்க. கெணத்துத் தண்ணி பொழங்கறதுக்குத்தான்" என்றேன். அது உண்மை. உண்மையைச் சொன்னதால் ஒரு படி இறங்கிவிட்டோமோ என்று தோன்றியது.

அடுத்து கால்வாய். வெள்ளைக்காரன் காலத்தில் கரையோரமாகவே வெட்டிக்கொண்டு போன பக்கிங்காம் கால்வாய். எங்கள் உப்பு ஒரு காலத்தில் படகில் ஏறி இதன் வழியாகத்தான் சென்னைக்குப் போனது. மைத்துனன் அந்தப் படகுகளை நேரில் பார்த்தவன் போலச் சொன்னான், பாய்மரம், துடுப்பு, கரையில் கயிறு கட்டி இழுக்கிற ஆட்கள்.

"இப்ப?" என்றார் அத்தை.

"இப்ப லாரி."

"அத கேக்கல. கால்வாய்ல இப்ப என்னா போவுது?"

கால்வாயில் சேறும், கரையில் சீமைக் கருவேலமும், நடுவில் ஒரு கொக்கும் இருந்தன. நாங்கள் நாலு பேரும் அந்தக் கொக்கைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

நான் படித்த பள்ளிக்கூடத்தில் ராஜாக்களின் வரலாறு சொல்லிக் கொடுத்தார்கள். எங்கள் ஊரின் வரலாறாக எனக்குத் தெரிந்ததெல்லாம் வேறு. என் அப்பா ஒரு மழையில்லாத வருஷத்தில் மேற்கேயிருந்து அளத்து வேலைக்கு வந்தவர். தெருவில் பாதிப்பேர் அப்படி வந்தவர்கள்தான். நிலம் அரசாங்கத்துடையது. குத்தகைக்கு எடுத்தவர்கள் முதலாளிகள். உப்பு வாருகிறவர்கள் நாங்கள். ஐப்பசி மழையில் பாத்திகள் மூழ்கினால் தை வரைக்கும் வேலை கிடையாது, அந்த மாதங்களில் ஆண்கள் சென்னைக்குக் கட்டட வேலைக்குப் போவார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலை அகலமாகப் போடப்பட்ட பிறகு ஊர் திரும்பிப் படுத்துக்கொண்டது. அதற்கு முன் எங்களுக்கு வெளியுலகம் என்றால் திண்டிவனம். பிறகு புதுச்சேரி. அந்தச் சாலை இல்லாவிட்டால் என் மகள் அந்த வேலைக்குப் போயிருக்க மாட்டாள். இந்தக் காரில் நான் உட்கார்ந்திருக்கவும் மாட்டேன். இதையெல்லாம் சொல்லியிருக்கலாம். ஆனால் இது பெண் வீட்டார் சொல்லிக்கொள்கிற வரலாறு இல்லை.

கடற்கரைக்குப் போனோம். வலை உலர்த்திக்கொண்டிருந்தார்கள். அனுமந்தைப் பக்கம் போகிற மீன் வண்டி ஒன்று மணல் ஓரத்தில் நின்றிருந்தது. அத்தை கடலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவர் கடலைப் பார்த்தது ரசிப்பதற்காக இல்லை. மாடு வாங்க வந்தவர் பல்லைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"சுனாமில தண்ணி எதுவரிக்கும் வந்துது?"

"இங்கல்லாம் வரலங்க" என்றான் மைத்துனன், யோசிக்காமல்.

வலையைப் பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெண்மணி தலையைத் தூக்கி அவனைப் பார்த்தார். அந்தப் பார்வையே போதுமானதாக இருந்தது. அத்தையும் அதைப் பார்த்துவிட்டார்.

"குப்பத்துக்குள்ள வந்துதுங்க" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. "ஆளுங்க செத்துப்போனாங்க. ரோட்டுக்கு மேக்கால, எங்க தெருவுக்கு வரல. ஆனா நாங்க எல்லாரும் ஓடனோம்."

"எங்க ஓடுனீங்க?"

"மேக்கதான். திண்டிவனம் ரோட்டுல. பொண்ணு அப்ப கைப்புள்ள. தோள்ல போட்டுக்கினு ஓடனேன்."

அத்தை குடையை விரித்தார். "அதான் சொன்னேன்" என்று தம்பியிடம் சொன்னார். மெதுவாகத்தான் சொன்னார், எல்லோருக்கும் கேட்டது. பையனின் அப்பா கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் அளவுக்கு மீறி வேர்த்திருந்தார். அதை நான் பார்த்தேன். வெயில் என்று நினைத்துக்கொண்டேன்.

அத்தோடு திரும்பியிருக்க வேண்டும். அத்தைக்கும் அதுதான் எண்ணம். ஆனால் பையனின் அப்பா, "உப்பு எப்படி வெளையுதுன்னு பாக்காம போனா எப்படிக்கா? நானும் வெவசாயிதான?" என்றார். காலையிலிருந்து அவர் எதையும் கேட்டிருக்கவில்லை.

"இந்நேரத்துக்கு அளத்துல நிக்க முடியாதுங்க" என்றேன். "வேலையே விடியறதுக்கு முன்ன ஆரம்பிச்சி வெயில் ஏறதுக்குள்ள முடிஞ்சிடும்."

"சும்மா ஒரு நடை" என்றார்.

தார் ரோட்டில் காரை நிறுத்திவிட்டு வரப்பில் இறங்கினோம். கொட்டகை ஒன்று தள்ளி இருந்தது. அதன் நிழலில் இரண்டு பெண்கள் மூட்டை தைத்துக்கொண்டிருந்தார்கள். அத்தை அந்த நிழலோடு நின்றுவிட்டார். பையனின் அப்பா வரப்பின் முனையில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு நடக்க ஆரம்பித்தார். கழனியில் இறங்குகிறவர்கள் அப்படித்தான் செய்வார்கள். "வேணாங்க, உப்பு அறுக்கும்" என்று நான் சொல்வதற்குள் பத்தடி போய்விட்டார்.

அந்த நேரத்தில் அளத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மேலே ஒரு வெயில், கீழே ஒரு வெயில். பாத்திக்குப் பாத்தி வெள்ளை. கண்ணை எங்கே வைத்தாலும் கூசும். தூரத்தில் கழுவேலி ஏரிப் பக்கம் தண்ணீர் ஆகாயத்தோடு சேர்ந்து நடுங்கிக்கொண்டிருந்தது.

அவர் குனிந்து ஈர உப்பைக் கையில் அள்ளினார். விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"வெத கெடையாது?"

"கெடையாதுங்க."

"எரு?"

"அதுவும் கெடையாது."

"களை எடுக்கிறது?"

"மழைதாங்க களை."

அவர் சத்தமாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் எனக்குக் காலையிலிருந்து இருந்த இறுக்கம் கொஞ்சம் தளர்ந்தது. இந்த மனிதர் வீட்டில் என் பெண் நன்றாக இருப்பாள் என்று அந்த நொடியில் தோன்றியது. இன்னும் கொஞ்ச தூரம் நடந்தோம். மைத்துனன் பின்னால் வந்துகொண்டிருந்தான்.

அவர் நின்றார். பாத்தியைக் காட்டி, "இதுல மல்லாட்ட எப்ப புடுங்குவீங்க?" என்று கேட்டார்.

எங்கள் பக்கத்தில் வேர்க்கடலையை மல்லாட்டை என்போம். மைத்துனன் கைதட்டிச் சிரித்தான். "பாத்தியா மாமா, இவரு நமக்கு மேல ஜோக் அடிக்கிறாரு!"

அவர் சிரிக்கவில்லை. முகம் வெளுத்திருந்தது. "மழை வர்றதுக்குள்ள புடுங்கிடணும்" என்றார், என்னைப் பார்க்காமல். சட்டை முழுவதும் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. கை நடுங்கியது. அள்ளிய உப்பு விரலிடுக்கில் கொட்டியது. பிறகு வரப்பில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் பக்கவாட்டில் சாய ஆரம்பித்தார். பாத்திக்குள் விழுவதற்குள் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

"அண்ணே! அண்ணே!" என்று கத்தினேன்.

காலை முழுவதும் அவரை முறை சொல்லி அழைக்காமலே ஓட்டியிருந்தேன். சம்பந்தி என்று சொல்ல இன்னும் நேரம் வரவில்லை. வேறு எதுவும் வாயில் வரவில்லை. அவசரத்தில் அதுதான் வந்தது. பையனின் அப்பா எனக்கு அண்ணன் என்றால் பிள்ளைகள் இருவரும் அண்ணன் தங்கை முறையாகிவிடும். கட்டிக்கொள்கிற முறை இல்லை. கத்தின பிறகுதான் எனக்கு உறைத்தது. கத்தினது கொட்டகை வரைக்கும் கேட்டிருக்கும்.

நானும் மைத்துனனும் ஆளுக்கொரு தோளாகத் தாங்கி அவரைக் கொட்டகைக்குக் கொண்டுவந்தோம். அத்தை குடையைப் போட்டுவிட்டு எதிரே ஓடி வந்தார்.

"சக்கர இருக்குது இவனுக்கு. காலைல மாத்திர போட்டுட்டான். சாப்பிடல" என்றார். குரல் உடைந்திருந்தது. "சீக்கிரம் போயிட்டு வந்துடலாம், ஊருக்கு வந்து சாப்ட்டுக்கலாம்னு நான்தான் கெளப்பினு வந்தேன்."

நான் என் மகளுக்குப் போன் போட்டேன். நாலு வார்த்தையில் சொன்னேன். அவள் ஐயோ என்றுகூடச் சொல்லவில்லை.

"முழிச்சிருக்காரா? சொல்றது புரியுதா?"

"அரை மயக்கமா இருக்காரு. கண்ணத் தொறக்கறாரு."

"முழுங்குவாரா? உக்கார வெச்சி இனிப்பா எதாச்சும் குடுப்பா. படுக்க வெச்சி ஊத்தாத. தண்ணி போதாது, சக்கர வேணும். இப்பவே குடு. காருக்கு வர்ற வரிக்கும் வெச்சிக்காத."

மூட்டை தைத்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருவர் பிளாஸ்டிக் கேனைத் திறந்து டம்ளரில் ஊற்றினார். காலையில் மிஞ்சிய கடுங்காப்பி. அளத்துக் காப்பியில் பாதி சர்க்கரைதான் இருக்கும். டம்ளரை வாங்கி அவர் வாயருகே கொண்டுபோனேன். அத்தையின் கை என் மணிக்கட்டைப் பிடித்தது.

அந்தக் கை தடுத்ததா, வெறுமனே நடுங்கியதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் அத்தையின் முகத்தைப் பார்த்தேன். அவர் தம்பியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "குடுங்க" என்று சொல்லவும் இல்லை, "வேணாம்" என்று சொல்லவும் இல்லை. நான் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. அவர் கை என் கை மேல் இருக்கும்போதே டம்ளரைச் சாய்த்தேன்.

முதல் வாய் தாடையில் வழிந்தது. இரண்டாவது வாய் இறங்கியது. பிறகு அவரே டம்ளரைப் பிடித்துக்கொண்டார். இன்னொரு டம்ளர் கொடுத்தோம். அவர் கண்ணைச் சரியாகத் திறந்து, "என்னாக்கா, ஏன் அழுவுற?" என்று கேட்டார்.

மைத்துனன்தான் அதைக் கெடுத்தான்.

"அப்ப கை நனைச்சாச்சு!" என்றான். "இனிமே என்னா பேச்சு இருக்குது? சம்பந்தம் முடிஞ்சிது!"

"யோவ், வாய மூடுய்யா" என்றார் அத்தை. கண்ணைத் துடைத்துக்கொண்டார். பழைய முகம் திரும்பிவிட்டது. "உசுருக்குக் குடிச்சது கை நனைச்சதாவுமா? இது கொட்டா, பொண்ணு வீடு இல்ல." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்க வேற அண்ணேன்னு கூப்ட்டீங்க. காதால கேட்டேன். மொறையே மாறிப்போச்சி."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

மைத்துனன் காரை ஓட்டினான். முதல் முறையாக வாயைத் திறக்காமல் ஓட்டினான். வீட்டு வாசலில் கார் நின்றதும் அத்தை மைத்துனனைக் காட்டிச் சொன்னார்: "தம்பி, நீ எறங்காத. இவரே நம்மள ஊருல கொண்டுபோயி வுட்டுடட்டும்."

என் மகள் வாசலுக்கு வந்தாள். கையில் சர்க்கரை பார்க்கிற சின்ன மெஷின். யாரையும் கேட்கவில்லை. காரின் கதவைத் திறந்து அவர் விரலைப் பிடித்துக் குத்தினாள். மெஷினைப் பார்த்தாள்.

"இன்னும் கம்மியாத்தான் இருக்குது. சாப்பிடணும். எறங்குங்க."

"வீட்டுல போயி சாப்ட்டுக்குவான்மா" என்றார் அத்தை.

"வழியில மறுபடி எறங்கிடுச்சின்னா? காப்பி ரொம்ப நேரம் தாங்காதுங்க."

"பேச்சு முடியாம எப்படிம்மா? நீ படிச்ச பொண்ணு. எங்களுக்குன்னு ஒரு வழக்கம் இருக்குது இல்ல?"

தெருவில் இரண்டு மூன்று பேர் நின்று பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். என் மனைவி இட்லித் தட்டோடு கதவருகே நின்றிருந்தாள். நான் மகளின் முகத்தைப் பார்த்தேன். சின்ன வயதிலிருந்து எனக்குத் தெரிந்த முகம் அது, ஒன்றைத் தீர்மானித்துவிட்டால் உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொள்ளும். சொல்லாதே, எதுவும் சொல்லாதே என்று மனதுக்குள் கெஞ்சினேன்.

"அப்ப முடிச்சிக்குவோம்" என்றாள். "சம்பந்தம் வேணாம்னே வெச்சிக்கங்க. இப்ப இவரு என் மாமனார் இல்ல. பேஷண்ட்டு. பேஷண்ட்டு எங்க வேணாலும் சாப்பிடலாம். எறங்குங்கய்யா."

அவள் கண் நிறைந்திருந்தது. குரல் ஆடவில்லை. எத்தனை நாள் ஆசை. ஒரே வாயில் தூக்கிப் போட்டுவிட்டாள்.

பையனின் அப்பா அக்காவைப் பார்த்தார். அக்கா வேறு பக்கம் பார்த்தார். அவர் காரை விட்டு இறங்கினார். படியில் கால் வைக்கும்போது முகத்தைச் சுளித்தார், உப்பு காலை அறுத்திருந்தது. உள்ளே வந்து தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, தலை நிமிராமல் சாப்பிட்டார். என் மகள் பக்கத்தில் மோடாவில் உட்கார்ந்து, அவர் ஒவ்வொரு வாயும் முழுங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே காருக்குப் பக்கத்தில் அத்தை குடையோடு நின்றிருந்தார். என் மனைவி நாற்காலி எடுத்துக்கொண்டு போனாள். அவர் உட்காரவில்லை.

கை கழுவிவிட்டு, "வர்றம்மா" என்றார் அவர் என் மகளிடம். என்னிடம் கை கூப்பினார். அவ்வளவுதான். சம்பந்தம் என்ற பேச்சே எழவில்லை. மைத்துனன் அவர்களைக் கொண்டுபோய் விட்டுவிட்டு பஸ்ஸில் திரும்பி வந்தான். "வழி முழுக்க ஒரு வார்த்த பேசல மாமா. நான் கூட பேசல" என்றான். அவன் அப்படிச் சொன்னது எனக்கு இன்னும் பயத்தைக் கொடுத்தது.

பிறகு வந்த நாட்கள் மோசமானவை. என் மகள் வழக்கம்போல வேலைக்குப் போய்வந்தாள். அந்தப் பையன் அங்கேதான் இருக்கிறான். என்ன சொல்கிறான் என்று என் மனைவி கேட்டாள். "ஒண்ணும் சொல்லல. வீட்டுல அத்தை யார்கிட்டயும் பேசறதில்லயாம். அவரு கேட்டா எழுந்து போயிடறாங்களாம்." சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்து சோற்றை ஒதுக்கி ஒதுக்கி வைப்பாள். ஒருநாள் நான் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தபோது வந்து நின்றாள்.

"நான் அப்படிச் சொன்னது தப்பாப்பா?"

எவ்வளவோ சொல்லியிருக்கலாம். எனக்கு வந்தது ஒன்றுதான். "தப்பில்ல" என்றேன். அவள் உள்ளே போனாள். அந்தப் பையனை இழந்துவிட்டால் இவள் இன்னொருவனுக்குச் சம்மதிக்க மாட்டாள் என்று எனக்குத் தெரியும். ஊரில் அதற்குள் பேச்சு பரவியிருந்தது. லாரியில் உப்பு ஏற்றும் இடத்தில்கூட ஒருத்தன் கேட்டான்: "ஏம்பா, மாப்ள வூட்டுக்காரங்கள அளத்துல நடக்க வுட்டு மயக்கம் போட வெச்சிட்டியாமே?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

ஒரு காலை நேரம், நான் வேலையிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அத்தை. நேராகப் பேசினார், நலம் விசாரிக்கவில்லை.

"தம்பிக்கு ரெண்டு மாத்திர எழுதியிருக்காரு டாக்டரு. ஒண்ண சாப்பாட்டுக்கு முன்ன போடணும்ன்றான் பையன். இவன் பின்னாடின்றான். ரெண்டு பேரையும் நம்ப முடியல. ஒங்க பொண்ணு இருக்குதா?"

இருக்கிறாள் என்றேன். வார விடுமுறை அவளுக்கு. போனை நீட்டினேன். யார் என்று பார்த்தவுடன் அவள் கொஞ்சம் தயங்கினாள். பிறகு வாங்கிக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போனாள். மாத்திரையின் பேரைக் கேட்டாள். அட்டையைப் படிக்கச் சொன்னாள். எது முன்னால், எது பின்னால் என்று சொன்னாள். "ரெண்டு பேருமே பாதி பாதி சரிங்க" என்றாள். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது கூடவே போய்க் கேட்கச் சொன்னாள். அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, "அதெல்லாம் சும்மா. சாப்பிடாம எங்கயும் கூட்டிக்கினு போவாதீங்க. அவ்ளோதான்" என்று இவள் கொஞ்சம் குரலை உயர்த்தினாள். நானும் என் மனைவியும் சுவரோரமாக நின்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மறுபடி திட்டுகிறாளே என்று என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள்.

திரும்பி வந்து போனை என்னிடம் கொடுத்தாள். "உன்கிட்ட பேசணுமாம்."

காதில் வைத்தேன். அத்தை தொண்டையைச் செருமினார்.

"வர்ற ஞாயித்துக்கெழம நாங்க வர்றோம். எங்க பக்கம் பெரியவங்க ஒரு பத்து பதினஞ்சி பேரு வருவாங்க." கொஞ்சம் நிறுத்தினார். "சாப்பாட்டுக்கு வர்றோம்."

"சரிங்க" என்றேன். வேறு ஏதாவது சொல்ல வேண்டும் என்று தெரிந்தது. "சரிங்க" என்று மறுபடியும் சொன்னேன்.

"மீனு ஆக்கிடாதீங்க. அன்னிக்கு எங்களுக்கு ஆவாது" என்று சொல்லி வைத்துவிட்டார்.

என் மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சொல்லும்வரை அவளால் பொறுக்க முடியவில்லை, என் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். சொன்னேன். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துகொண்டாள். என் மனைவி அழ ஆரம்பித்து, பாதியில் நிறுத்தி, "பதினஞ்சி பேருக்கு நம்ம வூட்டு அண்டா பத்தாது" என்று எழுந்து பக்கத்து வீட்டுக்குப் போனாள்.